பெரிய கேன்வாஸில் அக்ரிலிக் அடுக்குகள்: முதல்முறை அரூப ஓவியம் செய்பவர்களுக்கு

அரூப ஓவியம்தானே, தோன்றியதைப் பூசினால் போதும் என்று இறங்குகிறவர்களின் கேன்வாஸ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. நடுவில் பழுப்பும் சாம்பலுமாக ஒரு கலங்கல். ஓரங்களில் மட்டும் முதல் நாள் பூசிய நல்ல நிறம் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கும். நிறத் தேர்வின் மேல் பழி போட முடியாது. காயாத நிறத்தின் மேல் இன்னொன்றைப் பூசியது ஒரு காரணம். ஒவ்வொரு முறையும் கேன்வாஸ் முழுவதையும் மூடியது இன்னொரு காரணம். அடுக்கடுக்காகச் செய்யும் ஓவியத்தில் புது நிறத்தை எங்கே வைப்பது என்பதைவிட, பழைய நிறத்தில் எதை விட்டுவைப்பது என்பதுதான் பெரிய முடிவு. கீழே வரும் படிகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

இந்த வேலைக்கு அக்ரிலிக் மிகவும் தோதான வண்ணம். நிறமித் தூளை அக்ரிலிக் பாலிமர் குழம்பில் கலந்து செய்வது இது. பூசியதும் தண்ணீர் ஆவியாகும், பாலிமர் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து ஒரு படலமாகும். அந்தப் படலம் திரும்பத் தண்ணீரில் கரையாது. அதனால் மேலே எவ்வளவு ஈரமாகப் பூசினாலும் கீழே இருப்பது கலங்காது. மெல்லிய பூச்சு அரை மணி நேரத்துக்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் நாள்கணக்கில் காத்திருந்து செய்ய வேண்டியதை இதில் ஒரே பிற்பகலில் மூன்று நான்கு அடுக்காகச் செய்யலாம்.

அளவும் சட்டமும்

முதல் பெரிய ஓவியத்துக்கு நாலடிக்கு ஐந்தடி, அதாவது 120க்கு 150 செ.மீ. நல்ல அளவு. மணிக்கட்டை மட்டும் அசைத்து இதை நிரப்ப முடியாது, தோளிலிருந்து கை முழுவதும் இயங்கியாக வேண்டும். அதே சமயம் ஏணி இல்லாமல் எல்லா மூலையும் கைக்கு எட்டும். வாங்குவதற்கு முன் வாசல், மாடிப்படி வளைவு இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் ஒரு மீட்டரைத் தாண்டினால் பின்புறம் குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி இறுகும்போது பக்கச் சட்டங்கள் உள்நோக்கி வளையும். குறுக்குச் சட்டத்தால் ஒரு தொந்தரவும் உண்டு: பிரஷ்ஷையோ கத்தியையோ அழுத்தும்போது துணி பின்னால் போய் அதில் மோதி, முன்பக்கம் ஒரு கோடு விழும். சட்டத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிவைத்தால் கோடு விழாது. துணி தொய்வாக இருந்தால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள், ஓரளவு இறுகும். அதற்கும் மசியாவிட்டால் மூலைகளில் செருகும் மர ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்கலாம்.

எந்த நிறங்கள், எவ்வளவு

24 டியூப் கொண்ட பெட்டி வேண்டாம். அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள், மீதிப் பாதி இரண்டாவது நாளே தீர்ந்துவிடும். ஏழு நிறம் போதும், ஆனால் அவற்றில் ஒளி ஊடுருவும் நிறங்களும் ஊடுருவாத நிறங்களும் கலந்து இருக்க வேண்டும்.

ஊடுருவும் பக்கம்: குவினாக்ரிடோன் மெஜந்தா, தாலோ நீலம், நிக்கல் அசோ மஞ்சள். ஊடுருவாத பக்கம்: டைட்டேனியம் வெள்ளை, மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு. இவற்றோடு அல்ட்ராமரின் நீலம், அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கறுப்பு இப்போதைக்கு வேண்டாம். தாலோ நீலத்தில் சிவப்பு ஆக்சைடைக் கலந்தால் கறுப்பை நெருங்கும் ஓர் ஆழ்நிறம் கிடைக்கும், டியூப் கறுப்பைவிட உயிருள்ள நிறம் அது.

டியூப்பின் பின்னால் சின்னச் சதுரம் போட்டிருப்பார்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் ஊடுருவும் நிறம், முழுக்க நிரம்பியிருந்தால் ஊடுருவாத நிறம், பாதி நிரம்பியிருந்தால் நடுத்தரம். ஆனால் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு இல்லை. ஒரு வெள்ளை அட்டையில், தாலோ நீலமும் சிவப்பு ஆக்சைடும் கலந்த அந்த ஆழ்நிறத்தால் தடித்த கறுப்புக் கோடு ஒன்று போட்டுக் காயவிடுங்கள். கோட்டின் குறுக்கே உங்களிடம் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு விரல் அகலத்துக்கு இழுங்கள். மெஜந்தா கறுப்பின் மேல் காணாமலே போய்விடும். மஞ்சள் ஆக்சைடு கறுப்பை ஏறக்குறைய மூடிவிடும். டைட்டேனியம் வெள்ளை கோட்டைச் சாம்பலாக்கிவிட்டு மேலே உட்காரும். இந்த அட்டையைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஓவியம் முடியும்வரை ‘இதைப் பூசினால் கீழே உள்ளது தெரியுமா?’ என்று மனதில் எழும் கேள்விக்கெல்லாம் அதில் பதில் இருக்கும்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 1.8 சதுர மீட்டர் பரப்பில் 60 மி.லி. டியூப் போன இடம் தெரியாது. வெள்ளையும் ஆக்சைடுகளும் அரை லிட்டர் டப்பாவாக இருக்கட்டும். ஊடுருவும் நிறங்கள் மிகச் சிறிதளவே செலவாகும், குறிப்பாகத் தாலோ நீலம் ஒரு துளியிலேயே முழுக் கிண்ணத்தையும் கைப்பற்றிவிடும். அதைச் சிறிய டியூப்பாகவே வாங்கலாம். அவற்றுக்குத் துணையாகப் பளபளப்பு மீடியம் (நிறமி கலக்காத அக்ரிலிக் குழம்பு) மட்டும் நிறைய வேண்டும், ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். அடிப் பூச்சுகளுக்கு அது போதும். மெல்லிய மேலடுக்குகளுக்குத் தரமானதே வேண்டும்.

கருவிகள்: நான்கு அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று, இரண்டு அங்குலம் ஒன்று, ஸ்பாஞ்ச் ரோலர், அகலமான பட்டி பார்க்கும் கத்தி, கண்ணாடி துடைக்கும் ரப்பர் பட்டை, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மூடியுள்ள டப்பாக்கள், மாஸ்கிங் டேப், பழந்துணி. ஓவியத்துக்கென்று விற்கும் மெல்லிய பிரஷ்கள் இந்த அளவில் பெரிதாக உதவாது.

ஜெஸ்ஸோ

ஜெஸ்ஸோ என்பது வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு. கடையில் வாங்கும் கேன்வாஸில் பெரும்பாலும் ஒரு பூச்சு இருக்கும், இருந்தாலும் நீங்களும் இரண்டு பூச்சு கொடுங்கள். முதல் பூச்சைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி இடமிருந்து வலமாகவும், அது காய்ந்ததும் இரண்டாவதை மேலிருந்து கீழாகவும் பூசுங்கள். இந்த அளவுக்கு ஒரு லிட்டர் டப்பா தாராளம். பிரஷ் தடம் கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டாம், பின்னால் வண்ணத்தை வழிக்கும்போது அந்த மேடுகள் பயன்படும்.

ஜெஸ்ஸோ இல்லாமல் வெறும் துணியில் நேரடியாக வண்ணத்தை ஊறவிடும் வழியும் உண்டு. 1952இல் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் ஏறக்குறைய ஏழடிக்குப் பத்தடித் துணியைத் தரையில் விரித்து, நீர்க்கத் தளர்த்திய எண்ணெய் வண்ணத்தை அதில் ஊறவிட்டுச் செய்த ஓவியம் இதற்குப் பேர்போனது. வெறும் துணியை எண்ணெய் நாளடைவில் அரிக்கும். அக்ரிலிக்கில் அந்தக் கவலை இல்லை. அவரே 1960களில் அக்ரிலிக்குக்கு வந்துவிட்டார். முதல் ஓவியத்துக்கு மட்டும் இது வேண்டாம் என்பேன், ஊறிய நிறத்தை எளிதில் திருத்த முடியாது.

முதல் அடுக்கு: வெள்ளையைக் கொல்வது

வெள்ளைக் கேன்வாஸ் எல்லா நிறத்தையும் உண்மையில் இருப்பதைவிட அடர்த்தியாகக் காட்டும். அதனால் முதல் வேலை வெள்ளையை மறைப்பது. கேன்வாஸைத் தரையில் கிடத்துங்கள். நிக்கல் அசோ மஞ்சளும் துளி மெஜந்தாவும் சேர்த்து, சரிபாதி தண்ணீரும் கொஞ்சம் மீடியமும் விட்டு நீர்க்கக் கலக்குங்கள். கேன்வாஸைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பெரிய பிரஷ்ஷால் இழுங்கள். சில இடங்களில் தேங்கட்டும், சில இடங்களில் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே சீராக இருக்கக் கூடாது என்பது மட்டுமே இங்கே விதி.

ஏன் மஞ்சள்? வெளிச்சமான, கதகதப்பான அடித்தளத்தின் மேல் வரும் ஊடுருவும் நிறங்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரியும். மேலே விழும் வெளிச்சம் அடுக்குகளைத் தாண்டிக் கீழே போய், வெளிறிய தளத்தில் பட்டுத் திரும்புவதால் அப்படி. அடித்தளம் இருட்டாக இருந்தால் போன வெளிச்சம் திரும்பி வராது. சரி, மஞ்சளே பிடிக்காது என்றால் வெளிர் ரோஜாவோ வெளிர் நீலமோ வைத்துக்கொள்ளலாம், வெளிறிய நிறமாக இருந்தால் சரி.

காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அடுத்த அடுக்கு. மின்விசிறி போட்டு வேகப்படுத்தலாம். சுடுகாற்றை மிக அருகில் காட்டினால் மேலே மட்டும் தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். குளிரான அறையிலும் கவனம் தேவை, ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பாலிமர் துகள்கள் சரியாக இணையாது, படலம் பின்னால் விரிசல் விடலாம்.

இரண்டாவது: பெரிய வடிவங்கள்

இப்போது கேன்வாஸைச் சுவரில் நிறுத்துங்கள். ஊடுருவாத நிறங்களில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பெரிய வடிவங்கள். உதாரணமாகக் கீழ்ப்பாதியில் சிவப்பு ஆக்சைடில் ஒரு அகலமான பட்டை, மேலே வலப்பக்கம் மஞ்சள் ஆக்சைடும் வெள்ளையும் கலந்த ஒரு பெரிய திட்டு. இரண்டும் சம அளவில் வேண்டாம். ஒன்று தெளிவாகப் பெரியதாக இருக்கட்டும். விளிம்புகளில் ஒன்றைக் கூர்மையாகவும் மற்றவற்றைக் கலைந்தும் விடுங்கள். கூர்மையான விளிம்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால், டேப்பின் ஓரத்தில் முதலில் மீடியத்தை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துக் காயவிடுங்கள். டேப்புக்கு அடியில் கசியும் இடத்தையெல்லாம் அந்த மீடியம் அடைத்துவிடும், அப்புறம் பூசும் நிறம் கத்தி வெட்டியதுபோல நிற்கும்.

முதல் அடுக்கின் மஞ்சள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரிய வேண்டும். இதை நான் கறாராகவே சொல்கிறேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் முழுவதையும் மூடிவிடுகிறார்கள்.

நிறங்களைக் கேன்வாஸின் முன் நின்று கலக்காதீர்கள். இத்தனை பெரிய பரப்பில் பாதியில் நிறம் தீர்ந்தால் அதே சாயலை மறுபடி கலக்கவே முடியாது, ஒட்டுப்போட்ட இடம் காய்ந்ததும் காட்டிக்கொடுக்கும். தேவையானதைவிட ஒன்றரை மடங்கு கலந்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் இருண்டுவிடும். ஈரத்தில் பாலிமர் குழம்பு பால்போல வெண்மையாக இருப்பதால் நிறம் வெளிறித் தெரிகிறது, காய்ந்ததும் அந்த வெண்மை போய்விடும். கலந்த நிறத்தை ஓர் அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டே கேன்வாஸுக்குப் போங்கள்.

மூன்றாவது: கிளேஸ்

அடுக்கு ஓவியத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கிளேஸ் என்பது மீடியத்தில் மிகக் கொஞ்சம் நிறம் கலந்த ஊடுருவும் படலம். ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு பளபளப்பு மீடியம். தாலோ நீலத்துக்கு வண்ணத்தை இன்னும் குறையுங்கள். தண்ணீரை மட்டும் விட்டு நீர்க்கச் செய்தால் ஒட்டும் பொருள் குறைந்து படலம் பலவீனமாகும். மேட் மீடியமும் இங்கே வேண்டாம். பளபளப்பை மட்டுப்படுத்த அதில் சேர்க்கும் துகள்கள் நாலைந்து அடுக்கில் பனிமூட்டம்போலத் திரையிட்டுவிடும். வெள்ளையை ஒரு துளிகூடச் சேர்க்கக் கூடாது, அது ஊடுருவலைக் கெடுத்துவிடும்.

மெஜந்தா கிளேஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் பார்த்தால் ரோஜாப்பூ நிறத்தில், பாலாடைபோல இருக்கும். அகலமான பிரஷ்ஷால் மஞ்சள் தளத்திலிருந்து தொடங்கி மஞ்சள் ஆக்சைடு திட்டின் பாதிவரை ஒரே வீச்சாக இழுங்கள். முதல் நிமிடத்தில் ஏமாற்றமாக இருக்கும், கீழே உள்ளதன் மேல் வெளிறிய ரோஜாப் புகை படிந்தமாதிரி தெரியும். தொடாதீர்கள். கால் மணி நேரத்தில் ஓரங்களிலிருந்து புகை விலகத் தொடங்கும். மஞ்சளின் மேல் இழுத்த இடம் செம்மஞ்சளாகத் தெளியும், மஞ்சள் ஆக்சைடின் மேல் இழுத்த இடம் கனத்த செங்கல் நிறத்துக்கு இறங்கும். ஒரே இழுப்பு, இரண்டு நிறம். கிண்ணத்தில் கலந்தால் இந்த ஆழம் கிடைக்காது.

பாதி காய்ந்த நிலையில் பிரஷ்ஷைத் திரும்பக் கொண்டுபோனால் படலம் கிழிந்து சுருளும். ஒரு பகுதியை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விளிம்பு கோடாக நிற்க வேண்டாம் என்றால், ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணியால் ஓரத்தைத் தேய்த்துக் கரைத்துவிடலாம்.

அடுத்து நீல கிளேஸ். மஞ்சளின் மேல் பச்சை, மெஜந்தாவின் மேல் ஊதா, செம்மஞ்சளின் மேல் பழுப்பு. பழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் வந்தால் பக்கத்திலுள்ள நிறங்கள் அதனால் பிரகாசிக்கும். எல்லா இடத்திலும் வந்தால்தான் கலங்கல். அதனால் ஒரு கிளேஸ் முந்தைய கிளேஸின் எல்லைக்குள்ளேயே அடங்கக் கூடாது, முழுக்க மூடவும் கூடாது. பாதி ஏறியும் பாதி விலகியும் போகட்டும். மூன்று கிளேஸ் அப்படி ஒன்றையொன்று வெட்டிப் போனாலே ஏழெட்டு நிறம் கிடைத்துவிடும்.

நான்காவது: மூடுவதும் வழிப்பதும்

இப்போது ஊடுருவாத நிறம் திரும்ப வருகிறது. வெள்ளையில் துளி அல்ட்ராமரினும் மஞ்சள் ஆக்சைடும் கலந்து, மங்கிய ஒரு வெளிர்நிறம் செய்யுங்கள். பரபரப்பாக இருக்கும் இடங்களைச் சுற்றி, அவற்றைத் தொடாமல், வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசிக்கொண்டு வாருங்கள். புது வடிவத்தை நீங்கள் வரையவில்லை, சுற்றிலும் மூடுவதால் கீழடுக்குகள் தாமாகவே ஒரு வடிவமாக வெட்டப்பட்டு நிற்கும். புதியவர்களுக்கு இது கொடுக்கும் பலன் அபாரம்.

ரப்பர் பட்டையையும் இங்கே பயன்படுத்தலாம். அதே நிறத்தில் ஜெல் மீடியம் கலந்து கெட்டியாக்கி, மேல் ஓரத்தில் ஒரு வரியாக வைத்து, பட்டையைச் சற்றுச் சாய்த்து ஒரே இழுப்பில் கீழே கொண்டுவாருங்கள். ஜெஸ்ஸோவின் பள்ளங்களில் வண்ணம் தங்கும், மேடுகளில் வழிந்துபோய்க் கீழ்நிறம் கீற்றுக்கீற்றாக எட்டிப்பார்க்கும். இரண்டாவது இழுப்பு இழுக்க ஆசை வரும். வேண்டாம், எல்லாம் சமமாகிவிடும். இந்திய அரூப ஓவியர் வி. எஸ். கெய்டோண்டே எண்ணெய் வண்ணத்தை ரோலராலும் பேலட் கத்தியாலும் ஏற்றி வழித்துச் செய்த ஓவியங்களைப் பார்த்தால், பிரஷ் தடம் இல்லாமலே பரப்புக்கு எவ்வளவு ஆழம் கொடுக்கலாம் என்று புரியும்.

காய்ந்த பிறகும் எடுக்கலாம். மெல்லிய அடுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தேய்த்தால் இளகி வரும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். தடித்த அடுக்கை இரண்டு மூன்று நாள் விட்டு, தண்ணீர் தெளித்து, நைஸான உப்புத்தாளால் தேய்க்கலாம். உலர்வாகத் தேய்த்தால் சூட்டில் அக்ரிலிக் ரப்பர்போல உருண்டு வரும், தூசியும் பறக்கும். காட்மியம் நிறங்கள் உள்ள இடத்தைத் தேய்க்கவே வேண்டாம்.

நிறுத்துவது

ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் மூன்று மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்புங்கள், எந்தப் பக்கம் கனத்துச் சாய்கிறது என்று உடனே தெரியும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் எவ்வளவு இருந்தும் இருள்–வெளிச்ச வேறுபாடு இல்லை என்று பொருள். ஓர் இடத்தை நன்றாக இருட்டாக்குங்கள், ஓர் இடத்தை வெளிறவிடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

‘இன்னும் கொஞ்சம்’ என்று கை துறுதுறுக்கும்போது ஒரு ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து, அதன் மேல் பூசிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் தாளைத் துடைத்துவிடலாம். பெரும்பாலும் துடைத்துவிடுவீர்கள்.

கழுவுவதும் வார்னிஷும்

பிரஷ்ஷைக் காயவிட்டால் தொலைந்தது, தண்ணீரில் திரும்ப வராது. வேலை நடுவே தண்ணீர்க் குவளையில் படுக்கவையுங்கள். கழுவுவதற்கு முன் வண்ணத்தைத் துணியில் நன்றாகத் துடைத்துவிடுங்கள், சாக்கடைக்குப் போகும் பிளாஸ்டிக் அந்தளவுக்குக் குறையும். முதல் கழுவல் தண்ணீரை ஒரு வாளியில் ஆவியாகவிட்டு, அடியில் காய்ந்து நிற்பதைக் குப்பையில் போடலாம்.

வார்னிஷுக்குக் குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள். தடித்த ஜெல் பகுதிகள் இருந்தால் ஒரு மாதம். அதற்கு முன் பளபளப்பு ஜெல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஒரு தடுப்புப் பூச்சு கொடுத்தால், எதிர்காலத்தில் வார்னிஷை நீக்கிப் புதுப்பிக்க நேர்ந்தாலும் வண்ணம் பாதிக்கப்படாது. குமிழி வராமல் மெதுவாகப் பூசுங்கள், இந்தப் பூச்சைத் திரும்ப எடுக்க முடியாது. வார்னிஷில் மேட் வகை ஆழ்நிறங்களை வெளிறவைக்கும். கிளேஸ் அதிகமுள்ள ஓவியத்துக்குப் பளபளப்பு வகையோ, இரண்டும் கலந்த சாட்டின் வகையோ நல்லது.

அக்ரிலிக் படலம் முழுக்கக் காய்ந்த பிறகும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும், வெயில் காலத்தில் இன்னும் இளகும். ஓவியங்களை முகத்தோடு முகம் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எங்காவது எடுத்துப் போவதானால் குமிழ் பிளாஸ்டிக்கின் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றுங்கள், உள்ளே வைத்தால் வட்ட வட்டமாக அச்சு விழும். முடிந்தால் மூலைகளுக்கு அட்டை கொடுத்து, முன்பரப்பில் எதுவுமே படாமல் நிறுத்தியபடி கொண்டுபோங்கள்.